திருமலைக்கு வருகிறவர்களின் பயங்கள்

திருகோணமலையில், எங்கள் பேச்சில் திருமலையில், உப்புவெளிக் கடற்கரைக்குப் பின்வீதியில் வீட்டோடு சேர்த்துச் சில அறைகளை வாடகைக்கு விடுகிறோம். வருகிறவர்களில் பாதிப்பேர் சொந்தக்காரர்கள், மீதிப்பேர் சொந்தக்காரருக்குத் தெரிந்தவர்கள். ஆகவே கேள்விகளுக்குக் குறைவில்லை. சுறா கடிக்குமா, திமிங்கிலம் போட்டைக் கவிழ்க்குமா, கன்னியா வெந்நீர்க் கிணற்றுக்கு அடியில் எரிமலை இருக்கிறதா என்று விடிய விடியக் கேட்பார்கள். அதே ஆட்கள் மறுநாள் கோட்டைக்குள் மானுக்கு மிக்ஸர் பையை நீட்டுவார்கள், மார்கழிக் கடலில் பிள்ளைகளை இறக்குவார்கள், பொழுதுபட்ட பிறகு ஹபரணை வீதியில் யானைக்குப் பக்கத்தில் வானை நிறுத்திப் படம் பிடிப்பார்கள். பயப்படத் தேவையில்லாததுக்கெல்லாம் பயந்து முடித்துவிடுவதால், பயப்பட வேண்டிய இடத்தில் அவர்களிடம் பயம் மிச்சமிருப்பதில்லை.

முதலில் டிசம்பர். காசு அதிகம் வீணாவது அங்கேதான். கனடாவில் இருந்து ஒரு மாமி வருடா வருடம் போன் எடுப்பார். "தம்பி, நத்தார் லீவுக்கு வாறம். கடல் குளிக்க நல்லாயிருக்கும்தானே?" "மாமி, அந்த நேரம் கடலைப் பாக்கலாம், குளிக்க ஏலாது. ஆடியில வாங்கோ." "ஆடியில இலங்கையில மழையெண்டு சொல்லினம்?" மழைதான். ஆனால் அது கொழும்புக்கும் காலிக்கும்.

இந்தச் சின்னத் தீவுக்கு இரண்டு மழைக்காலம் இருக்கிறது என்பதை வெளியாட்கள் நம்ப மறுக்கிறார்கள். வைகாசியில் இருந்து புரட்டாதி வரை வீசும் தென்மேல் பருவக்காற்று மேற்கிலும் மலைநாட்டிலும் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி இறங்கும்போது ஈரமில்லாத சூடான காற்றாகிவிடுகிறது. அதுதான் எங்கள் கச்சான் காற்று. உதடு வெடிக்கும், கிணறு அடித்தட்டுக்குப் போகும், ஆனால் கடல் குளம்போலக் கிடக்கும். ஐப்பசிக்குப் பிறகு எல்லாம் தலைகீழ். வடகீழ்க் காற்று வங்காள விரிகுடாவின் ஈரத்தை அள்ளிக்கொண்டு நேரே எங்கள் கரையில் வந்து முட்டும். கார்த்திகையும் மார்கழியும் புயல் மாதங்களும்கூட. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் அதற்கு முன் திருகோணமலைப் பக்கமாகத்தான் கரையேறியது. 2020 டிசம்பர் 2ஆம் தேதி இரவு புரெவிப் புயல் குச்சவெளி, திரியாய்ப் பக்கமாக உள்ளே வந்தது.

வானிலை அறிக்கை பார்க்கத் தெரியாதவர்கள் வாடிகளை, அதாவது மீனவர்களின் தற்காலிகக் குடில்களைப் பார்த்தால் போதும். சிலாபத்தில் இருந்தும் நீர்கொழும்பில் இருந்தும் மீனவக் குடும்பங்கள் சித்திரையை ஒட்டி வள்ளங்களோடு இந்தப் பக்கம் வந்து வாடி அடிப்பார்கள். புரட்டாதி கழிந்ததும் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அவர்கள் போன பிறகு கடலில் இறங்குவதற்கு யாரும் என்னிடம் அனுமதி கேட்க வேண்டாம், நான் தரமாட்டேன். அந்த மாதங்களில் கரையோடு வந்த தண்ணீர் ஓரிடமாகச் சேர்ந்து வெளியே இழுக்கும். அந்த இழுவை ஓடுகிற இடத்தில் அலை உடையாது, பார்வைக்கு அமைதியாக இருக்கும், ஆட்களும் அதைத்தான் தேடிப் போய் இறங்குவார்கள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்திக் களைக்காமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுவையை விட்டு வெளியே வர வேண்டும்.

இன்னொன்று: பள்ளிக்கூடப் புத்தகத்தில் 'உலர் வலயம்' என்று படித்தவர்கள் இங்கே பாலைவனத்தை எதிர்பார்க்கிறார்கள். ஆண்டுக்கு 1,750 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழை பெறும் பகுதி என்பதுதான் அந்தப் பெயரின் கணக்கு. திருமலைக்கு ஏறக்குறைய 1,600 மில்லிமீற்றர் கிடைக்கிறது. லண்டனுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 600. எங்கள் பிரச்சினை மழையின் அளவில் இல்லை. அதில் பெரும்பகுதி மூன்று நாலு மாதத்துக்குள் விழுந்து முடிந்துவிடுகிறது. மற்ற மாதங்களுக்குச் சேமித்து வைத்தால்தான் உண்டு.

அப்புறம் திமிங்கிலம். இது பெரும்பாலானவர்களுக்குக் குளிர்நாட்டு விலங்கு. பனிக்கடலில் இருந்து வழிதவறி எங்கள் பக்கம் வந்துவிட்டதாகப் பரிதாபப்படுகிறவர்களும் உண்டு. உண்மையில் வட இந்து சமுத்திரத்தில் ஆண்டு முழுவதும் தங்கும் நீலத்திமிங்கிலங்கள் இருக்கின்றன. துருவத்துக்குப் போய்த் திரும்பும் வழக்கம் அவற்றுக்கு இல்லை. உருவத்தில் அந்தாட்டிக்காப் பக்கத்து இனத்தைவிடக் கொஞ்சம் சிறியவை. அவை எழுப்பும் ஓசையே தனி, ஒலியை வைத்தே ஆய்வாளர்கள் பிரித்துச் சொல்லிவிடுவார்கள். 1980களின் முற்பகுதியில் டியூலிப் என்ற பாய்மரக் கப்பலில் வந்த ஆய்வாளர்கள் இந்தக் கடலில் அவற்றைப் பதிவுசெய்தார்கள். பிறகு போர் வந்து, அந்தக் கடலே எங்களுக்கு இல்லாமல் போன காலம் வேறு கதை.

ஏன் இங்கே என்றால் கடலடியைத்தான் பார்க்க வேண்டும். இலங்கையைச் சுற்றி ஆழங்குறைந்த மேடை ஒன்று இருக்கிறது. பல இடங்களில் கரையில் இருந்து இருபது கிலோமீற்றர் அளவுக்கு அது நீளும். திருமலையில் அப்படி இல்லை. கொட்டியாரக் குடாவிலேயே ஒரு பள்ளத்தாக்கு தொடங்கி, ஆழ்கடல்வரை இறங்கிப் போகிறது. பெரிய கப்பல்கள் இந்தத் துறைமுகத்தைத் தேடி வந்ததற்கும், திமிங்கிலம் கரைக்கு அருகே வருவதற்கும் அந்த ஆழம்தான் காரணம். பங்குனி, சித்திரையில் வெளித்த காலை நேரம் கோணேசர் கோயில் மலையில் நின்றபடி, தூரத்தில் ஊதுகிற நீர்த்தூணைச் சிலர் கண்டிருக்கிறார்கள். நல்ல கண் வேண்டும், பொறுமையும் வேண்டும்.

போட்டில் போனால் முதலில் தெரிவது அந்த ஊதல்தான். நேராக மேலே எழும்பி, காற்று அடிக்கிற பக்கம் சரிந்து கரையும். பிறகு நீலமும் சாம்பலும் கலந்த முதுகு வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது, முதுகின் கடைசிக்குக் கிட்ட ஒரு சின்னச் செட்டை. இவ்வளவு பெரிய உடம்புக்கு இவ்வளவு சின்னச் செட்டையா என்று சிரிப்பு வரும். ஆழத்துக்குப் போகும்போது சிலது வாலைத் தூக்கும். ஆளை விழுங்குமா என்றால், விழுங்க முடியாது. வாய் பெரிதே தவிரத் தொண்டை சின்னது. அது தேடுவது நாங்கள் சம்பலுக்குப் போடும் கூனியின் குடும்பத்தைச் சேர்ந்த பொடி இறாலை. பயப்பட வேண்டியது திமிங்கிலத்துக்காகத்தான். கப்பல் மோதிச் சாகிறது, சுற்றுலாப் போட்டுகள் நாலு பக்கமும் மறித்துத் துரத்த, மூச்சுவிட மேலே வராமல் தவிக்கிறது. ஏறுவதற்கு முன் ஓட்டியிடம் ஒன்றைக் கேளுங்கள்: "கண்டவுடன் என்ஜினைக் குறைப்பீங்களா?" கிட்டக் கொண்டுபோய்க் காட்டுகிறேன் என்று பெருமையாகச் சொல்பவரின் போட்டில் ஏறாதீர்கள். லைஃப் ஜாக்கெட்டும் கேட்டு வாங்குங்கள், தொங்கவிட்டிருப்பதைப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம்.

சுறாப் பயம் புறாமலைக்குப் போகிறவர்களுக்கு. நிலாவெளிக் கரையில் இருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தள்ளி உள்ள இந்த இரட்டைத் தீவு 2003இல் தேசிய பூங்கா ஆனது. அதைச் சுற்றித் திரிகிற சுறாவுக்குச் செட்டை நுனியில் கறுப்பு. பெரிதானாலும் ஒன்றரை மீற்றருக்குக் கொஞ்சம் கூடத்தான் வரும். ஆளைக் கண்டால் அதுதான் ஒதுங்கும். முழங்கால் தண்ணீரில் அதன் குட்டிகள் மணலோடு ஒட்டி ஓடும்போது, கரையில் நிற்கிறவர்கள் கத்துகிற கத்தலில் அவற்றுக்குத்தான் நெஞ்சு வெடிக்க வேண்டும்.

அதே கரையில் நான் பார்த்துக் கோபப்படுகிற காட்சி வேறு. சுறாவுக்குப் பயந்து ஒருவர் பவளத்தின்மேல் ஏறி நிற்பார். கால் வெட்டுப்படும், அந்தக் காயம் லேசில் ஆறாது, சீழ் பிடிக்கும். அது அவர் கால். ஆனால் அவர் ஏறி நின்ற அந்தக் 'கல்' உயிருள்ளது. குண்டாக வளரும் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான் கூடும். ஒரு மிதியில் நொறுங்குவது பல வருட வளர்ச்சி. 1998இல் கடல் சூடாகி ஹிக்கடுவைப் பக்கத்துப் பவளங்கள் பெருமளவில் வெளிறிச் செத்தபோது, திருமலைப் பக்கம் பெரும்பாலும் தப்பியது. வெயிலுக்குத் தப்பியதைச் செருப்புக் காலால் முடிக்கிறோம். நீந்தத் தெரியாதவர்கள் ஜாக்கெட்டோடு மிதந்து முகத்தை மட்டும் தண்ணீருக்குள் வைத்துப் பாருங்கள், அதுவே போதும். உடம்புக்குக் கிறீம் பூசுவதைவிட முழுக்கை சட்டை நல்லது, பவளத்துக்கும் நல்லது. காலை முதல் போட்டிலேயே போய்விடுங்கள். பத்து மணிக்குப் பிறகு சனம் நெரியும், தண்ணீர் கலங்கும்.

மீனைவிடக் கவனிக்க வேண்டியது கடற்பாம்பு. கரைவலை இழுக்கும் இடத்தில் போட்டோ எடுக்க நிற்கிறவர்கள், வலையில் வருகிற தட்டையான வாலுள்ள பாம்பை விலாங்கு என்று நினைத்துக் கையால் தூக்கப் போகிறார்கள். மீனவர்கள் வாலில் பிடித்து வீசுவதைப் பார்த்து, நஞ்சில்லாதது என்று முடிவுகட்டுவதும் நடக்கிறது. அதன் நஞ்சு பொல்லாதது. மணலில் கிடந்தாலும் தொட வேண்டாம்.

கன்னியாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எரிமலை கிடையாது. இலங்கையின் பாறைகள் பெரும்பாலும் 50 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழையவை, கண்டத்தட்டின் விளிம்பும் எங்களுக்குக் கிட்ட இல்லை. மழைத்தண்ணீர் பாறை வெடிப்பு வழியாக மிக ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள பூமிச் சூட்டில் காய்ந்து, இன்னொரு வெடிப்பால் மேலே வருகிறது, அவ்வளவுதான். ஏழு கிணறும் 40 பாகையை ஒட்டித்தான், கிணற்றுக்குக் கிணறு ஒன்றிரண்டு பாகை வித்தியாசம். அம்பாறையின் மகாஓயாவில் இதைவிடச் சூடான ஊற்று இருக்கிறது. இராவணன் தாய்க்குச் செய்த கிரியையின் கதையை நானும் நம்பித்தான் இறந்தவர்களுக்கான அந்தியேட்டிக் கிரியைக்கு அங்கே போகிறேன், கதைக்கும் பூமிச்சூட்டுக்கும் சண்டை இல்லை. வெயில் ஏறுமுன் போங்கள்.

பிரெட்ரிக் கோட்டையின் புள்ளிமான்களை வளர்ப்பு மான் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். அவை காட்டு விலங்கு, வீதிக்கு வருவதால் மட்டும் ஆடாகிவிடாது. கொம்பு காய்ந்து கூர்ந்திருக்கும் காலத்தில் ஒரு ஆண்மான் தலையைத் திருப்பினாலே பிள்ளையின் வயிறு கிழியும். ஆண்டுதோறும் அந்தக் கொம்பு விழுந்து புதிதாக முளைக்கும். மொட்டைத் தலையோடு நிற்கும் மானைக் கண்டு, யாரோ வெட்டிவிட்டார்கள் என்று முகநூலில் சண்டை பிடிக்க வேண்டாம். சண்டை பிடிக்க வேண்டிய விஷயம் பொலித்தீன். சோற்றுப் பார்சல் சுற்றிய தாளை ஒரு பெண்மான் மென்று மென்று உள்ளே இழுப்பதைக் கடற்கரையில் பார்த்தேன். வாயோரத்தில் ஒரு முழம் தொங்கியது. கிட்டப் போனால் விலகி ஓடுகிறது, விட்டால் விழுங்குகிறது. உப்பும் குழம்பும் பட்ட பையை அது சாப்பாட்டோடு பிரித்துப் பார்க்காது. அது இரைப்பையில் அடைத்துக்கொண்டால் வயிறு நிரம்பியபடியே பட்டினியில் சாகும். பார்சல் தாளைப் பையில் வைத்து அறைக்குக் கொண்டுவாருங்கள், குப்பை வாளியிலும் போட வேண்டாம், அதையும் கிளறும்.

யானைக்கு வருவோம். அதற்கு முன் குளம். கந்தளாய்க் குளத்தைப் பார்த்துவிட்டு "இயற்கை ஏரி என்ன அழகு" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஏழாம் நூற்றாண்டில் அரசன் கட்டிய அணை அது. மனிதன் கட்டியது என்பதை 1986 ஏப்ரல் 20ஆம் தேதி அதிகாலை அணைக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோனபோது ஊர் நினைத்துக்கொண்டது. இந்த வலயத்தில் இயற்கையான நீர்நிலை என்றால் மகாவலி வெள்ளம் விட்டுப்போகும் வில்லுகள். சோமாவதிக் காட்டுப் பக்கம் அவை பரந்து கிடக்கின்றன. கோடையில் குளமும் வில்லும் சுருங்க, ஓரத்தில் புல் பச்சையாக எழும்பும், யானை அங்கே கூடும். குளங்களில் முதலையும் உண்டு. ஆற்றில்தான் முதலை, குளத்தில் இல்லை என்ற கதையை நம்பிக் கால் நனைக்க வேண்டாம். வரட்சியில் அவை ஒரு குளத்தில் இருந்து இன்னொன்றுக்குத் தரை வழியாக நடக்கும்.

யானை சரணாலயத்துக்குள் இருக்க வேண்டும், வெளியே வந்தால் வழிதவறியது என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தப்பான எண்ணம். இலங்கையில் ஏறக்குறைய 60 சதவீத நிலத்தில் யானை நடமாடுகிறது. அந்த நிலத்தில் பத்தில் ஏழு பங்கில் மனிதரும் குடியிருக்கிறார்கள். அது நடக்கும் வழியில்தான் எங்கள் சேனைப் பயிர்நிலமும் ரயில் பாதையும் வீதியும் இருக்கின்றன. விரட்டிப் பூங்காவுக்குள் தள்ளி மின்வேலி போட்டால், ஆண் யானை திரும்பி வரும், அல்லது உள்ளே உணவில்லாமல் மெலியும். தனியாக நிற்பது மதம் பிடித்தது என்பதும் பிழை. வயதுக்கு வந்த ஆண் கூட்டத்தை விட்டுத் தனியாகத்தான் திரியும். கொம்பன் கண்டேன் என்று யாராவது சொன்னால் அது அதிர்ஷ்டம். இலங்கை ஆண்களில் தந்தம் உள்ளவை பத்தில் ஒன்றுக்கும் குறைவு. தந்தமில்லாததைப் பெண் என்று நினைத்து இறங்கிப் போகிறவர்களைத்தான் எனக்கு நினைக்கவே பயம்.

கந்தளாய் தாண்டி ஹபரணைவரை மாலை ஐந்தரைக்கு முன் கடந்துவிடுவது நல்லது. கடக்க முடியாமல் இருட்டிவிட்டால் மெதுவாகப் போங்கள். யானை சாம்பல் நிறம், தார் வீதியும் சாம்பல் நிறம், இருட்டில் பிரித்தறிய முடியாது. எதிரே நின்றால் தூரத்திலேயே நிறுத்தி, பெரிய லைட்டைக் குறைத்து, ஹோர்ன் அடிக்காமல் பொறுத்திருங்கள். காதை விசிறிக்கொண்டு புல் பிடுங்கினால் அது தன் வேலையைப் பார்க்கிறது. காதை விரித்தபடி அசைக்காமல், தலையைத் தூக்கி உங்களைப் பார்த்து நின்றால் பின்னுக்கு எடுங்கள். கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் எண்ணெய் வழிந்ததுபோலக் கறுத்த கோடு இருந்தால் அது மதநீர், இன்னும் தூரம் எடுங்கள். வாழைப்பழம் நீட்டுவதை மட்டும் செய்யவே வேண்டாம். ஒருமுறை பழகிய யானை அடுத்த வாகனத்தின் கண்ணாடியை உடைக்கும், பிறகு குற்றவாளிப் பட்டியலில் சேரும். வனஜீவராசிகள் திணைக்களத்தின் இலக்கம் 1992. போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகத் தரைப்பாம்பு. எங்கள் கிணற்றடியில் இரண்டு பாம்பு இடுப்பளவுக்கு எழும்பிப் பின்னிக்கொண்டு நின்றது. "சாரையும் நாகமும் பிணையுது, வெள்ளைத்துணி போடுங்கோ, அதிர்ஷ்டம்" என்று பக்கத்து வீட்டு அம்மம்மா ஓடி வந்தா. இரண்டும் சாரைதான், அதுவும் இரண்டும் ஆண். ஒன்றைத் தரையில் அமுக்கி வெல்வதற்கு நடக்கும் மல்லுக்கட்டு. சாரைக்கு நஞ்சில்லை, எலியைப் பிடித்துக் கொடுக்கும், ஆனால் இந்தக் கதையால் அடிபட்டுச் சாகிறது. அடிக்கப்படாமல் தப்புவது கட்டுவிரியன். பகலில் கண்ணில் படாது, மழைக்காலத்து இரவில் வீட்டுக்குள் வரும், பாயில் படுத்திருப்பவரைக் கடித்தால் வலிகூடப் பெரிதாகத் தெரியாது. விடியப்புறம் வயிற்றுவலி, பிறகு இமை விழும். "வாய்வு" என்று ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே எங்கள் அறைகளில் தரையில் படுக்க நான் விடுவதில்லை. எவ்வளவு பேர் வந்தாலும் கட்டில், நுளம்பு வலையின் ஓரம் மெத்தைக்கு அடியில் செருகியிருக்க வேண்டும், இரவில் வெளியே போக ரோச் லைட். கடித்தால் கட்டுப்போடுவது, கீறி இரத்தம் எடுப்பது, பாம்பைத் தேடிப் போய் அடிப்பது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, மோதிரம், காப்பைக் கழற்றி, நேரே பெரிய ஆஸ்பத்திரி. அம்புலன்ஸுக்கு 1990, காசு கேட்க மாட்டார்கள், தமிழிலேயே பேசலாம். இடத்தைச் சொல்லும்போது வீதிப் பெயரோடு பக்கத்துக் கோயில் அல்லது கடையின் பெயரையும் சொல்லுங்கள், எங்கள் ஒழுங்கைகளுக்குப் பலகை கிடையாது.